தவறணையும் பொற்காலமும்

ஆங்கிலேயர் 'பப்' என்றழைக்கும் தவறணை, மது விற்கும் இடம் மட்டுமன்று. வேலை முடித்த அயலவர் கூடிப் பேசும் பொது இடமுமாகும். இலண்டன் கிளார்க்கன்வெல் பகுதியிலுள்ள 'ஈகிள்' என்னும் தவறணையை 1991 இல் இருவர் பொறுப்பேற்று, தரமான உணவு சமைத்து விற்கலாயினர். அதனைப் பின்பற்றிப் பல தவறணைகள் உணவகங்களாயின. அயலவர் மனமும் இரண்டுபட்டது. நல்ல உணவும் குடும்பத்தோடு அமரும் வசதியும் கிடைத்தனவென்று மகிழ்வோர் உளர். தம் இடம் பறிபோயிற்றென்று வருந்துவோரும் உளர். இவ்விரு உணர்வுகளும் ஒருவரிடத்தேயே குடிகொள்வதும் உண்டு.

இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் எழுதிய 'தி மூன் அண்டர் வோட்டர்' என்னும் கட்டுரை. அவர் புனைந்த இலட்சியத் தவறணையில் உணவும் உண்டு. பிள்ளைகள் விளையாடும் தோட்டமும் உண்டு. அன்றியும், அத்தகைய தவறணை உண்மையில் இல்லை என்பதை அவரே வெளிப்படுத்துகிறார். ஆகவே, உணவைப் பகையாகவும் கடந்த காலத்தைப் பொற்காலமாகவும் காட்டுவதற்கு அவரைச் சாட்சிக்கு அழைத்தல் பொருந்தாது.

புனைவை விடுத்து ஆய்வை நோக்குவோம். 1930களின் பிற்பகுதியில் போல்ற்றன் என்னும் ஆலைத் தொழில் நகரில் 'மாஸ் ஒப்சர்வேஷன்' அமைப்பினர் நடத்திய ஆய்வு, 1943 இல் 'பப்பும் மக்களும்' என்னும் நூலாக வெளிவந்தது. அந்நூல் காட்டும் தவறணையில் சமத்துவம் இல்லை. மலிவான அறை ஆண்களுக்கே உரியது. பெண்களும் அமரக்கூடிய வசதியான அறையிலோ, அதே பியருக்கு ஒரு பென்னி கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

அறைகளைப் பிரித்த அச்சுவர் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் தடையின்றி அமர்கின்றனர். இதனை முன்னேற்றமென்றே நாம் கொள்கிறோம். ஆயின், அதே சுவர் விலைப்பட்டியல் உருவில் வாசலிலே எழுந்துள்ளது. முன்னர் மலிவான அறையிலேனும் இடம்பெற்ற குறைந்த கூலித் தொழிலாளி, இன்று வீதியோடு நின்றுவிடுகிறான். வருந்துவோரின் குரலில் உள்ள நியாயம் இதுவே.

எனவே, பிரச்சினையின் வேர் உணவின் சுவையில் இல்லை, உடைமையிலே உள்ளது. தென்கிழக்கு இலண்டனின் நன்ஹெட் பகுதியில் 'ஐவி ஹவுஸ்' என்னும் தவறணை 2012 இல் மூடப்பட்டது. 2011 ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் துணைகொண்டு, அதனைச் சமூகப் பயனுள்ள சொத்தாகப் பதிவுசெய்வித்த அயலவர், 2013 இல் தாமே வாங்கினர். விலையை யார் தீர்மானிப்பது என்னும் வினாவைத் தம் கையில் எடுத்தபோது, அவர்தம் புலம்பல் செயலாயிற்று. அவ்வினாவை எழுப்பாத எழுத்து, எத்துணை அழகாயினும், ஏக்கமாகவே எஞ்சும்.