மூன்ஸ்டோன்: விசாரிக்கப்படாத முதல் குற்றம்

துப்பறியும் நாவல் பக்கம் நான் அதிகம் போனதில்லை. ஆங்கிலத்தில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு தேடினா எல்லாரும் கை காட்டுறது வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்'. 1868ல் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் தொடராக வந்தது. முதல் வாசிப்பில் எனக்குப் பட்டதைக் குறிச்சு வைக்கிறேன். திருடன் யார்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

1848 ஜூன். யார்க்‌ஷயர் மாளிகை ஒன்றில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் பரிசாக ஒரு வைரம் வருகிறது. அன்றிரவே காணாமல் போகிறது. புதுசா பெயின்ட் அடிச்ச கதவில் ஒரு சின்னத் தீற்றல். உள்ளூர் போலீஸ் அதிகாரி அற்ப விஷயம்னு தள்ளினதை, லண்டனிலிருந்து வந்த சார்ஜென்ட் கஃப் பிடிச்சுக்கிறார். பெயின்ட் எப்போ காய்ஞ்சது? யாருடைய துணியில் ஒட்டியிருக்கும்? இந்த லாஜிக் இன்னைக்கும் நிற்குது. ஆனா அதே கஃப் ரேச்சல் விஷயத்தில் தப்பாகக் கணித்துவிட்டுக் கிளம்பிப் போகிறார்!

கதை முழுக்கப் பலர் எழுதிய வாக்குமூலங்கள். அவரவர் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. பல சர்வர்களோட லாக்கை வரிசையா அடுக்கிப் பிழை தேடுற மாதிரி ஒரு சுகம். ஆனா யாருடைய லாக் இல்லைனும் பார்க்கணும் இல்லையா?

நாவலின் முன்னுரை நடப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1799 மே 4, திப்பு வீழ்ந்த அன்று. ஹெர்ன்காஸில் என்ற ஆங்கிலேய அதிகாரி, வைரத்தைக் காத்தவர்களைக் கொன்று அதை எடுத்துக்கொள்கிறான் என்பதே குற்றச்சாட்டு. சொல்வது அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன். நிரூபிக்க ஆதாரம் இல்லை என்று குடும்பத்துக்குள் எழுதி வைப்பதோடு அவன் நிறுத்திக்கொள்கிறான். அந்தக் கொலைகளை யாரும் விசாரிக்கவில்லை. அதன்பின் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விசாரணை நடப்பது திருட்டுப்பொருள் மறுபடி திருடுபோனதுக்கு.

வைரத்தைத் தேடி மூன்று பிராமணர்கள் கடல் கடந்து வருகிறார்கள். அதற்காகத் தங்கள் சாதியையே இழக்கிறார்கள். காரியம் முடிந்ததும் பிராயச்சித்தமாக ஆளுக்கொரு திசையில், இனி ஒருவரையொருவர் பார்ப்பதில்லை என்று பிரிந்து போகிறார்கள். நாவலில் இவ்வளவு விலை கொடுத்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் வாக்குமூலம் ஒரு வரிகூட இல்லை. கடைசிக் காட்சியும் ஓர் ஆங்கிலேயப் பயணி பார்த்துச் சொன்னதுதான். வாக்குமூலங்களைத் தொகுக்கும் ஃபிராங்க்ளின் பிளேக்கோ திருட்டு நடந்த இரவு அதே வீட்டில் இருந்தவர்.

1857 கிளர்ச்சி முடிந்து பத்தாண்டு ஆன நேரத்தில், முதல் குற்றத்தை ஆங்கிலேயன் மேல் வைத்த காலின்ஸின் துணிச்சல் பெரிசு. வைரம் யாருடையது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பேனாவை மட்டும் அந்த மூவர் கையில் தரவில்லை.

படிக்கிறவங்க முன்னுரையைத் தாண்டிப் போயிடாதீங்க. உண்மையான வழக்கு அங்கேதான் இருக்கு.