கணக்கும் களங்கமும்: ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுப்பும் வினா

பணியிடத்தில் ஒருவர்மேல் சுமத்தப்படும் பொய்க்குற்றம் முதலில் அவரது பிழைப்பைப் பறிக்கின்றது. பின்னர் ஊரார் நடுவே அவருக்குள்ள நற்பெயரைப் பறிக்கின்றது. இறுதியில் தம்மீதே அவருக்குள்ள நம்பிக்கையையும் பறித்துவிடுகின்றது. இதனை அண்மையில் தெளிவாக எடுத்துரைத்த படைப்பு, 2024 சனவரியில் பிரித்தானியாவின் ஐ.டி.வி. நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ என்னும் நாடகமாகும். அதனை எழுதியவர் குவினெத் ஹியூஸ். இந்நாடகம் மேய்ப்புப்பணியாளரிடம் கேட்கும் வினா யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது.

கதை முற்றிலும் நிகழ்ந்ததொன்று. பிரித்தானியச் சிற்றூர்களில் உப தபால் அதிபர்கள் பலர், தங்கள் கடையிலேயே தபால் நிலையத்தையும் ஒப்பந்த அடிப்படையில் நடத்தி வருபவர்கள். 1999 முதல் அவர்களது கணக்குகள் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதன்பின் பலருடைய கணக்கில் காரணமின்றிப் பணம் குறைந்தது. தபால் நிறுவனமோ குறையை ஈடுசெய்யுமாறு அவர்களையே நெருக்கியது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலருக்குக் கிடைத்த விடை, வேறெவருக்கும் இவ்விதம் நேர்வதில்லை என்பதே. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். இவ்வழக்குகளுள் ஏறத்தாழ 700ஐத் தொடுத்தது தபால் நிறுவனமே. பணத்தை இழந்ததாகச் சொன்னவரும், விசாரித்தவரும், வழக்குத் தொடுத்தவரும் ஒருவரே என்பதை வாசகர் கருத்திற்கொள்க.

நாடகத்தின் வலிமை, இருவரை அருகருகே நிறுத்திக் காட்டுவதில் உள்ளது. ஒருவர் ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன் அம்மையார். தொலைபேசியில் சொல்லப்பட்டபடி அவர் கணிப்பொறியை இயக்க, கண்முன்னே குறைத்தொகை இரட்டிப்பாகின்றது. கணக்குச் சரியென்று ஒப்புதல் தந்தாலன்றி மறுநாள் நிலையத்தைத் திறக்க இயலாது; ஆகவே ஒப்புதல் தருகின்றார். அந்த ஒப்புதலே பின்னர் அவருக்கு எதிரான சான்றாகிறது. களவுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்கு ஈடாக, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்கின்றார். செய்யாத களவுக்காகக் கேட்கப்பட்ட பணத்தைக் கட்ட ஊராரே உதவினர்.

மற்றவர் வேல்சு நாட்டின் லாண்டட்னோவில் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ். தமக்குப் புலப்படாத குறையைத் தமதென ஏற்க மறுத்தார். 2003இல் ஒப்பந்தத்தை இழந்தார். கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் பேணி வைத்தார். 2009இல் பென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் பொதுமண்டபத்தில், தம்மைப்போல் துன்புற்றோரை ஒன்று கூட்டினார். தாம் ஒருவர் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் அக்காட்சியே நாடகத்தின் உயிர்நாடி. பொய்க்குற்றத்தின் பெரும்படை தனிமை. அத்தனிமை உடைந்தபோதே அதன் பிடியும் தளர்ந்தது.

எனினும் நாடகத்தில் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் நேர்மையன்று. தபால் நிறுவனத்தின் தலைவர்கள்மேல் அது வீசும் ஒளி, நீதிமன்றங்கள்மேல் அவ்வளவாக வீழவில்லை. கணிப்பொறி சரியாகவே இயங்குகிறதென முன்கூட்டிக் கொள்ளும் அனுமானம் இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்தது. அதனால், இயந்திரம் பிழைபட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை, அவ்வியந்திரத்தின் உட்பகுதியை ஒருபோதும் காணாத கடைக்காரர்மேல் விழுந்தது. பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன் வழக்கறிஞரின்றி வாதாடித் தோற்று, 2007இல் மூன்று லட்சம் பவுனுக்கு மேற்பட்ட செலவுத் தொகை சுமத்தப்பட்டுக் கடனாளியானதும் இதனாலேயே. கொடியோர் சிலரைக் காட்டினால் நாம் சினந்து அமைதியடைகின்றோம். நல்லோர் பலர் கேள்வி கேளாது ஏற்ற ஓர் அனுமானத்தைக் காட்டியிருந்தால் நம்மையே ஆராய்ந்திருப்போம்.

இனி நமது பிரசங்க பீடத்திற்கு வருவோம். பொய்க்குற்றம் சாட்டப்பட்டு வருபவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது யாது? யோசேப்பைப்போல் பொறுத்திரு என்பதே. ஆனால் ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் அதே யோசேப்பு, தான் சிறையில் அடைக்கப்படத் தக்க எதையும் செய்யவில்லையெனப் பானபாத்திரக்காரரின் தலைவனிடம் எடுத்துரைத்து, பார்வோனிடம் தனக்காகப் பேசுமாறு வேண்டுகின்றான். அவன் பொறுமை ஊமைப் பொறுமையன்று. அநியாயமாய்ப் பாடுபடுதலைப் பற்றிப் பேதுரு எழுதியதையும் நாம் எடுத்தாளுகிறோம். அவர் அங்கு விளித்தது வேலைக்காரரை, அதாவது முறையிட வழியற்றிருந்த அடிமைகளை, என்பதை மறந்துவிடுகிறோம். வழியிருந்தபோது பவுல் இராயனுக்கு அபயமிட்டார். பிலிப்பி பட்டணத்தில் வெளியரங்கமாய் அடிக்கப்பட்டவர், இரகசியமாய் அனுப்பப்பட மறுத்து, அதிகாரிகளே வந்து அழைத்துச் செல்லவேண்டுமென்றார். அவமானம் பலரறிய நேர்ந்ததாயின், விடுதலையும் பலரறிய நேர்வதே நீதி.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2025 சூலையில் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கையின் முதற்பாகம், குறைந்தது 13 பேர் இத்துயரின் விளைவாகத் தம் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்கிறது. அடங்கியிரு என்று நாம் எளிதிற் சொல்லும் ஆலோசனையை இத்தொகையோடு வைத்து எடைபோட வேண்டும்.

நம் வாசகரைத் தனியே உறுத்தும் செய்தி மற்றொன்று. 2012 முதல் 2019 வரை தபால் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாயிருந்த பவுலா வெனல்ஸ் அம்மையார், இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். வழக்குகளுட் பெரும்பாலானவை அவர் காலத்திற்கு முன்னரே தொடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் 555 பேர் கூடித் தொடுத்த வழக்கை நிறுவனம் கடுமையாய் எதிர்த்து நின்றது அவர் தலைமையிலேயே. 2019இல் உயர்நீதிமன்றம் ஹொரைசனின் பிழைகளை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் ஹாமில்டன் உள்ளிட்ட 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. அதன்பின் வெனல்ஸ் திருப்பணியினின்று விலகினார். நாடகம் எழுப்பிய பொதுமக்கள் சினத்தையடுத்து, எஞ்சியோருட் பெரும்பாலோரின் தண்டனைகளை 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் சட்டமியற்றி நீக்கியது.

நமது சபைகளும் பள்ளிகளையும், விடுதிகளையும், மருத்துவமனைகளையும் நடத்துகின்றன. ஒரு கணக்கரையோ ஆசிரியையையோ பற்றிப் புகார் எழும்பொழுது, புகாரளித்தவரே விசாரணைக் குழுவிலும் அமர்வதில்லையா என்று நாம் கேட்டுப் பார்க்கவேண்டும். நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கக்கடவர்கள் என்பது உபாகமம் 19ஆம் அதிகாரம் இட்ட கட்டளை. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தலும், ஆவணங்களைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் காணவிடுதலும், புறத்தார் ஒருவரைக்கொண்டு கணக்கை ஆராய்தலும் அக்கட்டளைக்குக் கீழ்ப்படியும் வழிகளாம்.

குற்றஞ்சாட்டப்பட்டு நம்மிடம் வருபவருக்கு, மெய்யல்லாததில் கையொப்பமிடாதே, தாள்களைப் பேணிவை, உன்னைப்போல் வேறு யாருளர் என்று தேடு எனச் சொல்வது அவிசுவாசமன்று. ஜெபத்தோடு இவற்றையும் சொல்லி, விசாரணை நாளில் அவர் அருகே சென்று அமர்வதே மேய்ப்பனின் கடமை என்பது நமது துணிபு.