கயிற்றைப் பிடித்த தந்தை, காற்றைப் பிடித்த மகன்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு கடற்போர் விரிந்து கிடக்கிறது. 1653 ஆகஸ்டு 10 அன்று டெர்ஹைடே கரைக்கு எதிரே டச்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிய போர். டச்சுத் தளபதி மார்டென் ட்ரோம்ப் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தது அதில்தான். ஆனால் படத்தில் நெருப்புக்குச் சிவப்பில்லை, கடலுக்கு நீலமில்லை. வெள்ளை பூசிய பரப்பின் மேல் பேனாவும் மையும் மட்டும். எட்ட நின்று பார்த்தால் செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுத்தது என்றே தோன்றும். கிட்டப் போனால்தான் ஒவ்வொரு கோடும் கையால் இழுத்தது என்று தெரிகிறது. பாய்மரத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் வடங்கள், அவற்றில் ஏணிப்படியாகக் குறுக்கே கட்டிய கயிறுகள், பருமலில் சுருண்ட பாய், இடிந்து சாயும் மரத்தோடு சிக்கிக்கொண்ட கொடி, எதிலும் அவசரக் கோடு இல்லை.

இவ்வளவு அமளிக்கும் நடுவே, முன்னால் ஒரு சிறு பாய்க்கப்பலைத் தேடிப் பாருங்கள். அதில் ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். அவர்தான் இந்தப் படத்தை வரைந்த வில்லெம் வான் டி வெல்டே. லைடனில் 1611இல் பிறந்தவர். அதே பெயரில் மகனும் ஓவியர் ஆனதால் உலகம் இவரை ‘மூத்தவர்’ என்கிறது. போரைப் பற்றிக் கேட்டறிந்து வீட்டில் அமர்ந்து வரைந்தவர் அல்லர். அந்தப் போர்க்களத்துக்கே படகில் போனவர். தன்னைப் படத்துக்குள் வைத்துக்கொண்டதில் கொஞ்சம் பெருமை இருக்கலாம். எனக்கு அது சாட்சிக் கையெழுத்தாகவே படுகிறது: நான் இருந்தேன், பார்த்தேன்.

அந்தச் சாட்சியத்துக்கு விலை இருந்தது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் குடியரசின் செல்வம் கடல்வழி வந்தது. கடலைக் காத்தவர்கள் ஊரறிந்த வீரர்கள். தளபதியின் வீட்டுச் சுவருக்கு அவர் வென்ற போர் வேண்டும். அதைப் பார்க்க வருபவர்களோ கடலில் வளர்ந்த ஆட்கள். கொடி இருக்க வேண்டிய மரத்தில் இல்லையென்றால், காற்று ஒரு பக்கமும் பாய் மறுபக்கமும் இருந்தால், வாசலிலேயே சிரித்துவிடுவார்கள். மூத்தவரின் நுணுக்கத்துக்கு அழகுணர்ச்சியைவிட இந்தப் பயமே பெரிய ஆசான் என்று நினைக்கிறேன். 1666இல் நான்கு நாள் நீடித்த போருக்கு முன், தளபதி டி ரூய்ட்டரே அவருக்கென ஒரு சிறு கப்பலை ஒதுக்கி, அவர் வரைவதற்கு எங்கே போகச் சொன்னாலும் கொண்டுபோகும்படி அதன் தலைவனுக்கு ஆணையிட்டார். ஆடும் தளத்தில் நீளநீளத் தாள்களை ஒட்டி, கரிக்கோட்டில் அணிவகுப்பைக் குறித்து, மேலே கப்பல்களின் பெயரை எழுதி, சாம்பல் நிற மையை மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். இந்தக் குடும்பத்தின் கோட்டோவியங்கள் இன்று லண்டன் கிரீனிச்சின் கடல்சார் அருங்காட்சியகத்தில் மட்டும் 1,000க்கு மேல் இருக்கின்றன. வண்ணப்படங்களைவிட எனக்கு இவற்றின் மேல்தான் ஆசை அதிகம். தொலைவில் ஒரு கப்பல் இரண்டே கோட்டில் நிற்கும். ஆனாலும் எந்தக் கப்பல் என்பதில் ஐயம் இருக்காது.

1672இல் பிரெஞ்சுப் படை நிலவழியே புகுந்தது. ஆங்கிலேயர் கடல்வழியே வந்தார்கள். நாடே ஆடிப்போனபோது படம் வாங்க யார் இருக்கிறார்கள்? அந்த ஆண்டு சோல்பே போரை மூத்தவர் டச்சு அணியிலிருந்து வரைந்தார். குளிர்காலத்தில் தந்தையும் மகனும் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தார்கள். 1673 கோடையில் ஸ்கோனவெல்ட் போரை வரைந்தபோது அதே கை ஆங்கில அணியில் இருந்தது! மன்னர் இரண்டாம் சார்லஸ் 1674 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தார். தந்தை கடற்போர்களைக் கோட்டில் எடுக்க வேண்டும், மகன் அவற்றை வண்ணத்தில் ஏற்ற வேண்டும் என்று வேலை பிரித்த ஆணை அது. கிரீனிச்சில் அரசியின் மாளிகையில் ஓவியக்கூடமும் கிடைத்தது. எதிரியின் கப்பலைப் பிடிப்பது போல எதிரியின் கண்ணையும் பிடித்துக்கொண்டார் சார்லஸ்.

ஆனால் மகனை வெறும் வண்ணம் ஏற்றுபவராக எண்ணிவிடக் கூடாது. 1680 அளவில் அவர் தீட்டிய ‘பீரங்கி வெடி’ படத்தைப் பாருங்கள். அது ஒரு மரியாதை வேட்டாகவோ அறிவிப்பாகவோ இருக்கலாம்; போர் இல்லை. அசைவற்ற நீர்மேல் ஒரு போர்க்கப்பல். காற்றே இல்லாததால் பாய்கள் துவைத்துக் காயப்போட்ட வேட்டிகளாகத் தொங்குகின்றன. பக்கவாட்டிலிருந்து கிளம்பிய புகை மேலே போக மனமில்லாமல் தண்ணீரை ஒட்டியே புரள்கிறது. பாய் தொங்குவதும் புகை தாழ்வதும் ஒரே காரணத்தால்! காற்றில்லாமையை இரண்டு சாட்சிகள் வைத்து நிறுவுகிறார் ஓவியர். மேலே பாதிக்கு மேல் வானம். வெண்புகையும் வெண்மேகமும் அருகருகே இருந்தும் ஒன்று மற்றொன்றாகிவிடாதபடி வெளிச்சத்தில் வேறுபாடு வைத்திருக்கிறார். அதே காலத்தில் அவர் தீட்டிய சூறைக்காற்றுப் படத்தில் கப்பல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அங்கே பேசுவது அலை. அதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என் ஓட்டு அமைதிக்கே. புயலைக் காட்டப் பல வழிகள் உண்டு, ஒன்றும் நடக்காத பொழுதைக் காட்டுவது அப்படியல்ல. எந்தப் பருவநிலையானாலும் படகோட்டியைக் கூட்டிக்கொண்டு தேம்ஸ் நதிக்குப் போய், நீலத் தாளில் கறுப்பு வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வானத்தைக் குறித்துவருவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. இந்த வானத்தைப் பார்த்தபின் அந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

கிரீனிச்சில் உள்ள, மகன் தீட்டிய 1687ஆம் ஆண்டுப் படம் இன்னொரு வியப்பு. டெக்சல் போர், 1673. படத்தின் நடுவே, முழு அலங்காரத்தோடு வெளிச்சத்தில் நிற்பது மார்டெனின் மகன் கார்னெலிஸ் ட்ரோம்பின் ‘கௌடன் லேவ்’, அதாவது டச்சுத் தளபதிக் கப்பல். எதிரே இருந்த ஆங்கிலத் தளபதி ஸ்ப்ராக் கப்பல் மாறப் படகில் போனபோது மூழ்கி இறந்தார். இங்கிலாந்தில் குடியிருந்து, ஆங்கில அரசரின் சம்பளம் வாங்கிய ஒருவர், எதிரியின் கப்பலுக்கு நடுவிடம் கொடுத்து வரைந்திருக்கிறார். கொடியின் நிறம் எதுவானாலும் வடத்தின் முறுக்கு அவருக்கு ஒன்றுதான்.

ஆங்கில ஓவியர் டர்னர் சிறுவயதில் இந்த இளைய வெல்டேயின் படத்தைத் தழுவிய அச்சுப்படம் ஒன்றைப் பார்த்ததுதான் தன்னை ஓவியனாக்கியது என்று பின்னாளில் சொன்னாராம். அவருக்கு மன்னர் நான்காம் ஜார்ஜ் டிரஃபால்கர் போரைத் தீட்டச் சொன்னார். 1824இல் முடிந்தது, அவர் தீட்டியவற்றிலேயே மிகப் பெரியது. ஆங்கிலத் தளபதி நெல்சனின் கொடிச் சைகை, சாயும் பாய்மரம், எரியும் பிரெஞ்சுக் கப்பல் என அன்றைய வெவ்வேறு பொழுதுகளை ஒரே கணத்தில் அடைத்தார். கடற்படையினர் குறை சொன்னார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு டர்னர் திருத்தியும் பார்த்தார். 1829இல் படம் அரண்மனையை விட்டு கிரீனிச் மாலுமிகள் விடுதிக்குப் போனது. மாலுமிகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தின் அடியில், நீரில் தத்தளித்தும் படகுகளில் தொற்றியும் கிடக்கும் அந்த மனிதக் குவியல்! அந்த இடத்தில் மூத்த வெல்டே ஒரு கப்பலின் பெயரை எழுதியிருப்பார்.