தங்கவயல்: படத்தில் வராத நூறு வருஷம்

கோலார் தங்கவயலை வைத்து இரண்டு விதமான படம் வந்துவிட்டது. 2018லும் 2022லும் வந்த 'கே.ஜி.எஃப்' ஒரு விதம். பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இன்னொரு விதம். முன்னதில் சுரங்கம் ஒரு கொடுங்கோலனின் கோட்டை. உள்ளே கிடக்கிற ஜனத்துக்குப் பேரில்லை, சாதியில்லை, வாயில்லை. வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து மீட்க வேண்டும். பின்னதில் அதே ஜனத்துக்கு ஊரும் பேரும் பூர்வ கதையும் உண்டு. வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து வெள்ளைக்காரனோடு நடந்து போய்த் தங்கத்தைத் தொடுகிறார்கள். தலித் கதையாடல் என்ற அளவில் 'தங்கலான்' நமக்கு நெருக்கமான பிரதி, சந்தேகமில்லை. ஆனால் அது தங்கத்தைத் தொட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆரம்பத்தை ஒருத்தர் எடுத்துவிட்டார், பொய்யை இன்னொருத்தர் எடுத்துவிட்டார். நடுவில் நூறு வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த நூறு வருஷத்தைக் கொன்றது எந்த வில்லனுமில்லை, அரசாங்கத்தின் முடிவுகள். வில்லனுக்கு முகம் இருக்கும், சினிமாவில் காட்டலாம். கோப்புக்கு ஏது முகம்?

'கே.ஜி.எஃப்' சொல்கிற காலம் 1951க்குப் பிந்தியது. அந்தக் காலத்தில் நிஜத் தங்கவயலில் என்ன நடந்தது? 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கைக்கு எடுத்தது. 1962ல் அவை மத்திய அரசுக்குப் போயின. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆயின. அங்கே இருந்தவர்கள் சங்கம் வைத்த, கொடி பிடித்த, ஓட்டுப் போட்ட தொழிலாளிகள். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1930ல், கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களைச் சங்கிலியில் கட்டிப் படம் பிடித்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள் என்றால், இதுவும் ஒரு சுரங்கத் தொழில்தான்.

தங்கவயலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரி ஜனம். ஊரில் படியாள், பண்ணையாள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி குழி தோண்ட ஆரம்பித்தபோது இந்த ஜனம் பூமிக்குக் கீழே இறங்கினது தங்கத்தின்மேல் ஆசைப்பட்டு இல்லை. பூமிக்கு மேலே கால் வைக்க இடமில்லை, அதனால் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள். பாறைத் தூளை மூச்சில் இழுத்துச் சிலிக்கோசிஸ் வந்து செத்தார்கள். மேலே துரைக்குப் பங்களா, கிளப்பு; இவர்களுக்கு லைன் வீடு, ஒரே அறை. யாரும் இதைப் பொற்காலம் என்று எழுதிவிட வேண்டாம்.

ஆனாலும் ஒன்று நடந்தது. சம்பளம் காசாக வந்தது. கூலியை நெல்லாக அளந்து, அளக்கும்போதே மரக்காலைத் தட்டி ஏமாற்ற அங்கே பண்ணையார் இல்லை. அந்தக் காசில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின. அந்தக் காசில்தான் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் நடந்தது. அயோத்திதாசர் 1914ல் மறைந்த பிறகு 'தமிழன்' பத்திரிகையை ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை அங்கிருந்து அச்சடித்தது. பின்னாளில் இந்தியக் குடியரசுக் கட்சி அங்கிருந்து சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. இன்று நாம் 'தலித் அறிவு மரபு' என்று கருத்தரங்கில் பேசுகிறோமே, அதன் அச்சுக்கூலி சுரங்கத் தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து வந்தது. தமிழ்க் கதைகளில் நடுத்தர வர்க்கம் என்றால் மாம்பலத்து ஒண்டுக் குடித்தனமும் ஆபீஸ் குமாஸ்தாவும்தான். லைன் வீட்டில் பிறந்து டீச்சரான, நர்ஸான, பிட்டரான பெண்ணும் பையனும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. இல்லாதது மாதிரி எழுதப்பட்டது இல்லாமல் போனபோது யாருக்கும் தெரியாமல் போனது.

எப்படி இல்லாமல் போனது? 'தங்கம் தீர்ந்துபோச்சு, நஷ்டம், மூடினாங்க.' எல்லாரும் சொல்கிற வாக்கியம் இது. பாதி உண்மை. ஆழம் போகப் போகச் செலவு ஏறியது, கிடைக்கிற தங்கம் குறைந்தது. ஆனால் அரசுடைமைக்குப் பிறகு பல வருஷம் அங்கே எடுத்த தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விற்க விடவில்லை, அதைவிடக் குறைந்த அதிகாரபூர்வ விலைக்கு அரசே எடுத்துக்கொண்டது. விலையைத் தானே குறைத்துவிட்டு, நஷ்டம் என்று தானே எழுதிக்கொண்டது. புது இயந்திரத்துக்கும் புது ஆய்வுக்கும் போதிய பணம் வரவில்லை.

பிறகு 1991. அந்த வருஷம் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. தேசத்தின் மானம் தங்கத்தில் இருக்கிறது என்று அன்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அந்தத் தங்கத்தைத் தோண்டினவனைப் பற்றி யார் எழுதினார்? அதே வருஷக் கடைசியில் நலிந்த தொழில்கள் சட்டத்தைத் திருத்தி, பொதுத்துறை நிறுவனங்களையும் அந்த வாரியத்துக்கு அனுப்பலாம் என்றார்கள். 1992ல் பாரத் கோல்டு மைன்ஸ் அங்கே போனது. காங்கிரஸ் ஆரம்பித்ததை ஐக்கிய முன்னணி நிறுத்தவில்லை, வாஜ்பாய் அரசு முடித்துவைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இதில் கட்சி வித்தியாசம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நம் எதிர்வாதக்காரர்கள் குறுக்கே வருவார்கள். 'தாராளமயம் நடுத்தர வர்க்கத்தைப் பெருக்கியது, பெங்களூரைப் பாருங்கள்' என்பார்கள். பார்ப்போம். தங்கவயலிலிருந்து பெங்களூர் சுமார் நூறு கிலோமீட்டர். சுரங்கத்துக்குக் காசில்லை என்ற அதே பத்து வருஷத்தில் மென்பொருள் பூங்காக் கம்பெனிகளின் ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி விலக்கு இருந்தது. அது 2011 மார்ச் வரை நீடித்தது. வரிவிலக்கும் மானியம்தான். சேரிக்காரன் வாங்கினால் சலுகை, மற்றவன் வாங்கினால் ஊக்குவிப்பு! அந்தப் பூங்காக்களில் இடஒதுக்கீடு கிடையாது. மூன்று தலைமுறையாக இங்கிலீஷ் படித்த சாதிகள் முதலில் உள்ளே போயின. ஒரு நடுத்தர வர்க்கத்தைக் கலைத்து இன்னொன்றை ஊட்டி வளர்த்தார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டி 'பெருகியது' என்றால் கூட்டினவனுக்கு அது லாபமாக இருக்கலாம்.

தங்கவயலின் பிள்ளைகளும் அந்தக் கட்டடங்களுக்குப் போகிறார்கள். விடியுமுன் மாரிகுப்பம் ரயில், போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அவ்வளவு நேரம். அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறவர்களும் உண்டு, பலர் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடை வேலை. அப்பன் பொதுத்துறைத் தொழிலாளி, பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்பெனி ஆஸ்பத்திரி, சங்கம். மகன் காண்ட்ராக்ட் ஆள், யார் முதலாளி என்று கேட்டால் ஏஜென்சி பேரைச் சொல்லுவான். அப்பன் மேலாளரை எதிர்த்துக் கோஷம் போட்டான். மகன் லீவு கேட்கவே யோசிக்கிறான். ஏற்றத்தாழ்வு என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அந்த ரயில் பெட்டி போதும்.

தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது என்பதால் தமிழ்நாட்டு இடதுசாரிகளுக்கும் தமிழ்த் தேசியர்களுக்கும் அது கண்ணில் படவில்லை. அங்குள்ள கன்னட எழுத்துக்கு இவர்கள் தமிழர்கள். ரெண்டு பக்கத்துக்கும் இவர்கள் பறையர்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தலித் இலக்கியத்தில் நிலமும் ஊரும் சேரியும் வந்த அளவுக்கு ஷிப்டுச் சங்கும் சம்பள நாளும் கூட்டுறவுக் கடையும் வரவில்லை. இது நம் பக்கத்துக் குறை. வலியை எழுதின நாம் சம்பாத்தியத்தை எழுதவில்லை; அதனால் அதைப் பறிகொடுத்தபோது எழுதச் சொல்லும் வாய்க்கவில்லை.

ஊரைச் சுற்றிச் சைனைடு மண் மேடுகள் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சோற்றிலும் துணியிலும் வந்து விழுகிறது. அந்த மேடுகளில் மிச்சத் தங்கம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 13 மேடுகளை ஏலம் விட மத்திய அரசு கேட்டதற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. ஏலம் எடுக்கிறவன் எந்தச் சம்பளத்தில், யார் பேரில், எத்தனை பேரை வேலைக்கு வைப்பான் என்பதை இப்போதே கேட்க வேண்டியிருக்கிறது, மறுபடியும் அந்தத் தூளை மூச்சில் இழுக்கப்போவது லைன் வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான்.