டூட்டிங் கிரனாடாவின் கண்ணாடிக் கூடம்

லண்டனின் டூட்டிங் கிரனாடா சினிமாக் கொட்டகையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக அரங்கின் விதானத்துக்கு அடியில்தான் போய் நிற்பார்கள். கூர்வளைவுகள், திரைக்கு மேலே வரிசையாகத் தொங்கும் கோதிக் கோபுர முனைகள், பக்கச் சுவர்களில் எழுதிய பாணர்களும் சீமாட்டிகளும்: 3,000 பேருக்கு மேல் உட்கார்ந்த கொட்டகையில் முதலில் கண்ணைப் பறிப்பது அதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் உயிர் பால்கனிக்குப் போகும் வழியிலுள்ள கண்ணாடிக் கூடத்தில் இருக்கிறது என்பதே என் கட்சி. வரிசையாக மெல்லிய தூண்கள், அவற்றின் மேல் கூர்வளைவுகள், வளைவுக்கு வளைவு கண்ணாடி. பழைய கிறிஸ்தவ மடங்களின் சுற்றுத் தாழ்வாரம் மாதிரி நீளும் அந்த இடத்தில் படமும் கிடையாது, மேடையும் கிடையாது. பார்ப்பதற்கு இருப்பவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும்தான்.

இது தற்செயல் அல்ல. 1926-ல் சுரங்க ரயில் வந்த பிறகு ஆள் நடமாட்டம் பெருகிய தென் லண்டன் புறநகர் டூட்டிங். அங்கே மிட்சம் சாலையில் 1931 செப்டம்பர் 7 அன்று கிரனாடா திறந்தது. நான்கு பெரிய தூண்களோடு நிற்கும் வெள்ளை முகப்பு கட்டடக் கலைஞர் சிசில் மேசியின் வேலை. கௌரவமானது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கால் வைத்ததும் எல்லாமே தியோடர் கமிசார்ஜெவ்ஸ்கி. அவர் தொழிலால் நாடக இயக்குநர். வெனிஸில் பிறந்த ரஷ்யர். செகாவின் ‘கடற்பறவை’ முதன்முதலாக மேடையேறியபோது நீனாவாக நடித்த வேரா கமிசார்ஜெவ்ஸ்காயாவின் தம்பி. 1919-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர், 1925-26-ல் செகாவை ஆங்கிலேயருக்குப் புரியவைத்த நாடகங்களைப் போட்டது பார்ன்ஸில் ஒரு சின்ன அரங்கில். அதுவும் ஒரு புறநகர் சினிமாக் கொட்டகையாக இருந்ததுதான்! ஆக, வெஸ்ட் எண்டைவிட்டுத் தள்ளி வாழும் ஜனங்களுக்கு எப்படி நாடகம் போடுவது என்பது டூட்டிங் வருவதற்கு முன்பே அவருக்கு அத்துப்படி. ஒருவரை மேடைக்குள் எப்படி நடந்துவரச் செய்வது என்று ஆயுள் முழுக்க யோசித்தவரிடம் ஒரு கொட்டகையைக் கொடுத்தால், அவர் ரசிகர்களைத்தான் நடக்கவைப்பார். முதலில் பிரபுக்களின் மாளிகைக் கூடம் போன்ற நுழைவாயில், அதன் கோடியில் மாடிப்படி, பிறகு கண்ணாடிகள். நாள் முழுக்கக் கல்லாவில் நின்றுவிட்டு வந்த பெண் நாற்காலியில் உட்காருவதற்குள் மூன்று பிரவேசங்கள் செய்துவிடுகிறாள்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் காட்சி விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்; பாதியில் வருவார்கள், வந்த இடம் வரை பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். இடம் காலியாகும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். அந்த நூற்றுக்கணக்கானோரை மழையில் தெருவில் நிறுத்துவதா, உள்ளே நிறுத்தி ஏதாவது வேடிக்கை காட்டுவதா? தரை டிக்கெட்காரனுக்குக் கண்ணாடிக் கூடம் கிட்டவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நுழைவுக் கூடத்தின் ஆடம்பரத்தில் அவனுக்குக் குறை வைக்கவில்லை. ஆறு பென்ஸ் டிக்கெட்டுக்கு ஒரு கதவு, அரை கிரௌனுக்கு இன்னொரு கதவு என்று பிரித்துப் பழகிய நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் வெறும் பிளாஸ்டர்தானே, கல்லென்று நம்பவைக்கும் ஏமாற்று வேலைதானே என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஐயா, பிளாஸ்டர்தான். நார் கலந்த பிளாஸ்டரை அச்சில் வார்த்து, சாயம் பூசி, பொன்முலாம் மாதிரி மினுக்கியது. ஆனால் ‘சந்திரலேகா’வின் முரசுகளுக்கு முன் வாயைப் பிளந்து உட்கார்ந்த பரம்பரை நாம், ஏ.கே. சேகரின் செட்டைப் பார்த்து, உள்ளே என்ன மரச்சட்டமா என்று தட்டிப் பார்க்கத் தோன்றியதா? செட் என்று தெரிந்தே மயங்குவதுதான் சினிமா. அந்தச் சினிமாவைக் காட்டும் இடம் மட்டும் நேர்மையாக இருந்தாக வேண்டுமாம். கமிசார்ஜெவ்ஸ்கி புதுமை தெரியாத பழமைவாதி என்ற பேச்சும் எடுபடாது. 1933-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் மேக்பெத்துக்கு அலுமினியத் தகடுகளால் அரங்கம் அமைத்து ஊரை அதிரவைத்தவர் அவர். உலோகமும் வெற்றுச் சுவரும் வேண்டுமென்றால் செய்யத் தெரியும். டூட்டிங்குக்கு அது வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறார்.

முதலாளி சிட்னி பெர்ன்ஸ்டைனையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1925-ல் லண்டன் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். தணிக்கை தடுத்து வைத்திருந்த சோவியத் படம் ‘போட்டெம்கின்’ 1929-ல் லண்டனில் ஓடியது அந்தச் சங்கத்தின் தயவில். அப்படிப்பட்ட இடதுசாரி ரசிகர் தன் வியாபாரத்துக்கு ஒரு கோதிக் மாளிகையைக் கட்டியதை முரண்பாடு என்பார்கள். தன் கொட்டகைகளுக்கு வருபவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எந்த நட்சத்திரம் பிடிக்கும், எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று 1920-களிலிருந்தே எழுதி வாங்கிய மனிதர் அவர். ஜனங்களின் ஆசையைக் கீழாக நினைக்கிறவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மெனக்கெடமாட்டார்.

ஓடியன் கொட்டகைகளின் பக்தர்களோடுதான் என் நிஜமான வழக்கு. அவற்றின் முதலாளி ஆஸ்கர் டாய்ச்சும் கட்டடக் கலைஞர் ஹாரி வீடனின் அலுவலகமும் சேர்ந்து 1930-களில் ஊர் ஊராக எழுப்பிய அந்த வழவழப்பான கோபுரங்கள் இரவில் நியான் வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். கிங்ஸ்டாண்டிங் ஓடியனின் முகப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அழகு பெரும்பாலும் நடைபாதையோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனால் பல ஊர்களில் சுத்தமான, சிக்கனமான ஒரு கூடம்தான். கல்யாணப் பத்திரிகை பிரமாதம், பந்தியில் தயிர்சாதம் என்கிற கதை. லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா கொட்டகையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் வேறு ரகம். மேடையின் இரு புறமும் ஸ்பானிய ஊரின் வீடுகள், தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும் செயற்கை வானம். 1930-ல் அது பெரிய சாதனை. இருந்தும், அந்த ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கிறோமே தவிர அதற்குள் குடியேற முடிவதில்லை. டூட்டிங்கில் நம்மையே காட்சிக்குள் சேர்த்துவிடுகிறார்கள், கண்ணாடி அதற்குச் சாட்சி.

தொழில்நுட்பம் பேசுகிறவர்களின் ஆட்சேபம் இன்னும் கனமானது. சுவரில் இத்தனை வேலைப்பாடு இருந்தால் திரையின் வெளிச்சம் பட்டுத் திரும்பும், கண் சிதறும். கறுப்புச் சுவர்தான் படத்துக்கு மரியாதை என்பார்கள். படத்தின் கறுப்பு நல்ல கறுப்பாக விழுவதற்குச் சுவர் இருட்டாக இருப்பது உதவும், உண்மை. ஆனால் மேடுபள்ளமான பிளாஸ்டர் ஒலியைச் சிதறடித்து எதிரொலியை அடக்கும் என்பதும் உண்மை. 3,000 பேர் உட்காரும் கூடத்தில் மொட்டைச் சுவர் இருந்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். போதாததற்கு, அந்தக் கொட்டகையில் படம் மட்டுமா நடந்தது? குழியிலிருந்து வுர்லிட்சர் ஆர்கன் எழும்பி வரும். 1953-ல் சினாட்ரா பாடினார், 1963 ஜூன் 1 அன்று பீட்டில்ஸ் வந்து போனார்கள். இன்றைய மல்டிபிளெக்ஸில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பாப்கார்ன் கவுன்டரைத் தாண்டினால் எண் போட்ட கதவு, கதவைத் திறந்தால் இருட்டு. சாமான் கிடங்குக்குள் போய் உட்காருவது போலத்தான் இருக்கிறது, மெத்தை மட்டும் நல்ல மெத்தை.

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து கூட்டத்தைத் தின்றுவிட, 1973-ல் சினிமா நின்றது (பெர்ன்ஸ்டைனின் கிரனாடா நிறுவனமே 1956-ல் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது). 1976-ல் பிங்கோ வந்தது. சினிமா ரசிகர்கள் இதைச் சாபம் மாதிரி சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எண்ணைக் குறிக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சினிமா ஓடிய 42 ஆண்டுகளில் முக்கால்வாசி நேரம் இருட்டில் கிடந்த விதானத்துக்கு வெளிச்சம் கிடைத்தது பிங்கோவால்தான். ஆடுகிறவர்கள் தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள் என்பது வேறு விஷயம். பக்கத்திலேயே அப்பர் டூட்டிங் சாலையில் முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி, யாழ்ப்பாணச் சமையலைத் தெருவுக்கே பழக்கிவிட்ட நம் ஜனங்களுக்கு மிட்சம் சாலையின் அந்த வெள்ளை முகப்பு தினசரி வழித்துணை. படம் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

கட்டடம் பிழைத்ததற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, தேதியும்தான். பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது 1972-ல், கொட்டகை ஓடிக்கொண்டிருந்தபோதே. அடுத்த ஆண்டு அது மூடப்பட்டபோது இடிக்கச் சட்டம் குறுக்கே நின்றது. 2000-ல் முதல் தரத்துக்கும் உயர்த்திவிட்டார்கள். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் கொட்டகை 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்த இடம், அதற்கு அப்படி ஒரு தேதி வாய்க்கவில்லை. சென்னை அசோக் நகர் உதயம் கொட்டகைக்கும் வாய்க்கவில்லை. 2024-ல் அதை மூடிய பிறகுதான் பத்திரிகைகளில் நினைவுக் கட்டுரைகள் குவிந்தன. அதற்குள் இடம் கைமாறியிருந்தது.