அல்லிக்குளத்தில் கிடைத்த மலர்

எங்க ஊருக்குப் பெயர் வந்த கதையே திடீர்ப் பயணம்தான். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாட்டைவிட்டுப் போகச் சொல்ல, திருமழிசையாழ்வாரும் கூடக் கிளம்ப, அவர் சொன்னதும் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தாராம். ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அதுவே ஓரிக்கை ஆனது என்கிறது தல வரலாறு. போன சனிக்கிழமை நானும் அப்படித்தான். காஞ்சிபுரம் ஸ்டேஷனில் பீச் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். பார்க்கில் இறங்கும்போதுதான் அல்லிக்குளம் ஞாபகம் வந்தது.

1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் போனது. அங்கிருந்த பழைய புத்தக வியாபாரிகள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். நான் நுழைந்த கடையில் தரையிலிருந்து கூரைவரை கட்டுக்கட்டாக அடுக்கு. பட்டியல் எல்லாம் கடைக்காரர் தலைக்குள்தான். “காஞ்சிபுரம் சம்பந்தமா பழசு ஏதாவது இருக்கா?” என்றேன். கொஞ்சம் யோசித்தவர், ஸ்டூல் போட்டு ஏறி ஒரு கட்டின் நடுவிலிருந்து உருவித் தந்தார்.

அட்டை கிழிந்த கும்பாபிஷேக மலர். கட்டுரைகள் சுமார்தான், வழக்கமான வாழ்த்துரைகள், தெரிந்த புராணம். பின்பக்க விளம்பரங்கள்தான் விஷயம். பட்டு ஜவுளிக்கடை, ஜரிகை வியாபாரி, சாயக்காரர், அச்சகம், எல்லாம் தெருப்பெயரோடு. நன்கொடைப் பட்டியலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கொடுத்தவர்கள் வரிசையாக. கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளை ஹூல்ஷ் படித்து 1890-இலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றிவிட்டார். எந்தத் தெருவில் யார் சாயம் போட்டார் என்பதற்கு இந்த மாதிரி மலரை விட்டால் எனக்கு வேறு கல்வெட்டு கிடைக்கவில்லை.

இங்கேதான் ஒரு நெருடல். பழைய புத்தகக் கடையைப் பொக்கிஷம் என்று எழுதுவது நமக்கெல்லாம் வழக்கம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடையில் முக்கால்வாசி இடம் இன்ஜினியரிங், மெடிக்கல், போட்டித்தேர்வுப் புத்தகங்களுக்கு. நியாயம்தான், வாடகை அதிலிருந்துதானே வரணும். மலர், தல வரலாறு, சங்க ஆண்டறிக்கை இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? “இந்த மாதிரி வந்தா எடைக்குப் போட்டுடுவோம் சார், இது எப்படியோ தப்பிச்சிருக்கு” என்றார். விலைபோவதைத்தான் கடை காப்பாற்றும். நம் கைக்கு வருவது அந்த வடிகட்டலில் தற்செயலாகத் தப்பியது. அதை வைத்து ‘தரவு இல்லை’, ‘வழக்கம் இல்லை’ என்று முடிவு எழுதுகிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலும் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். மலர் போடும் திருப்பணிக் குழுவினரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மூட்டை இருந்தது. தாத்தா போன பிறகு, வெள்ளையடிக்கும்போது, நானேதான் எடைக்குப் போட்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மலர் நாற்பது ரூபாய். பேரம் பேசவில்லை. ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் பக்கம் யாராவது பரணைக் காலி செய்தால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் அந்த விளம்பரப் பக்கங்களையாவது செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.