ஒரு கோப்பின் சிக்கனம்

ஜெரமி ஹோவர்டு 2024 செப்டம்பரில் முன்மொழிந்த ‘எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி’ கோப்பை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மெனு, விளம்பரம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, ஒரு வலைத்தளத்தைப் பற்றிச் செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டியதை மட்டும் வெறும் எழுத்தில் தருகிற கோப்பு அது. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு நடைதான் இதற்கும். மேலே பெயர்; கட்டாயம் என்பது அது ஒன்றே. பிறகு ஒரு சுருக்கம், இணைப்புகள், வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம்.

என்னை மிகவும் ஈர்ப்பது ‘ஆப்ஷனல்’ என்ற பகுதி. இடம் போதாவிட்டால் இதை விட்டுவிடலாம் என்று தளத்துக்காரரே சொல்லிவிடுகிறார். மொழி மாதிரி ஒரே மூச்சில் படிக்கக்கூடியது கொஞ்சம்தான் என்று உணர்ந்து செய்த ஏற்பாடு, எவ்வளவு கரிசனம்! கூடவே வந்த திறமூலக் கருவி இணைப்புகளின் உள்ளடக்கத்தை எடுத்து ஒன்றாகத் தொகுக்கும்போது, நாம் கேட்டாலொழிய அந்தப் பகுதியைச் சேர்ப்பதில்லை.

இது கட்டாயத் தரமல்ல. படிப்பதும் விடுவதும் அந்தந்தச் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் விருப்பம். ஆனாலும் சுருக்கம் எழுத உட்கார்கிறவர், தன் தளம் எதற்காக இருக்கிறது என்பதைச் சில வரிகளில் சொல்லியாக வேண்டும். அதை ஏதோ ஒரு தானியங்கிக் கருவியிடம் தள்ளிவிடாமல் தாமே எழுதியவர்களின் கோப்புகளைத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன்.